மீன்தொட்டிச் செடி ஏலம்: உறுப்பினர்கள் விலகிப் போகாமல் நடத்துவதற்கு ஒரு வழிகாட்டி

மீன்தொட்டிச் செடிகள் வளர்ப்போரின் சங்கத்தில் ஏலப் பொறுப்பை முதன்முறையாக ஏற்றிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னையில் இத்தகைய ஏலங்களைச் சில ஆண்டுகள் முன்னின்று நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதல் ஏலத்துக்குக் கூட்டம் சேர்ப்பது கடினமே இல்லை. மூன்றாவது ஏலத்துக்கும் அதே முகங்கள் வருகின்றனவா என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. வராமல் நின்றுபோனவர்களைத் தேடிச் சென்று விசாரித்தபோது ஒருவரும் விலையைக் குறை சொல்லவில்லை. வாங்கிய செடி பதினைந்து நாளில் அழுகிவிட்டது என்றார் ஒருவர். நல்லதையெல்லாம் நான்கு பேரே எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்றார் இன்னொருவர். மூன்றாமவர், தாம் ஆசையாகக் கொண்டுவந்த பையைப் பத்து ரூபாய்க்குக்கூட யாரும் கேட்காததைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். அதன்பிறகு நாங்கள் செய்த மாற்றங்கள் எல்லாம் இந்த மூன்று குறைகளிலிருந்து பிறந்தவையே.

கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் மீன், செடி எல்லாம் கிடைக்கின்றன. அப்படியிருக்கச் சங்கத்துக்கு ஏலம் எதற்கு என்று புதியவர்கள் கேட்பது நியாயமே. கடைகளுக்குச் செடி வரும் பண்ணைகளில் பெரும்பாலான செடிகளை வேர் ஈரத்திலும் இலை காற்றிலுமாக வளர்க்கிறார்கள். அவற்றை வாங்கித் தொட்டியில் நட்டால் காற்றில் வளர்ந்த பழைய இலைகள் கரைந்து, நீருக்குள் வாழத்தக்க புதிய இலைகள் வரவேண்டும். அந்த இடைவெளியில்தான் பல செடிகள் மடிகின்றன. உறுப்பினர் கொண்டுவரும் செடியோ ஏற்கெனவே சென்னைத் தண்ணீரில், சென்னை வெயிலில், பெரும்பாலும் நீருக்குள்ளேயே வளர்ந்து பழகியது. இதை ஒவ்வொரு ஏலத்தின் தொடக்கத்திலும் இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிடுங்கள். அங்கே எதை வாங்குகிறோம் என்பது கேட்பவருக்குத் தெரியவேண்டும்.

நாள் குறிப்பது

மார்கழியிலும் ஆடியிலும் ஏலம் வைப்பது எங்களுக்குப் பொருந்தி வந்தது. இரண்டு மாதங்களிலும் திருமணங்கள் பெரும்பாலும் நடப்பதில்லை. எனவே சிறிய மண்டபமோ குடியிருப்பின் பொதுக்கூடமோ எளிதாகக் கிடைக்கும், உறுப்பினர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கும். ஆவணியிலோ தை, மாசியிலோ முகூர்த்த நாளில் ஏலம் வைத்துவிட்டு, கூட்டம் வரவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை. மார்கழியில் வைத்தால் வடகிழக்குப் பருவமழையின் கடைசி மழைக்கு ஒரு மாற்று ஞாயிற்றையும் சேர்த்தே அறிவித்துவிடவேண்டும்.

கத்திரி வெயில் காலத்தை அறவே தவிருங்கள். மே மாதத்தில் மாடி வீட்டுத் தொட்டிகளின் நீர் 30 டிகிரியைத் தாண்டிவிடும். சூடான நீரில் கரியமில வாயுவும் பிராணவாயுவும் குறைவாகவே கரையும் என்பதால் செடி ஏற்கெனவே நலிந்துதான் இருக்கும். அதைப் பிடுங்கிப் பையில் அடைத்து, பைக்கில் ஒரு மணி நேரம் கொண்டுபோய், வேறொரு தொட்டியில் நட்டால் அது பிழைப்பது அரிது. எந்த மாதமானாலும் காலை ஒன்பதுக்குத் தொடங்கிப் பன்னிரண்டுக்குள் முடித்துவிடுவது நல்லது.

இரண்டு மாதம் முன்பே தொடங்கவேண்டிய வேலை

ஏலத்துக்கு முந்தைய வாரம், "யாரிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்டால் ஆறு பேரின் மிச்சம் மீதிதான் வந்து சேரும். எட்டு வாரத்துக்கு முன்பே ஒவ்வொரு உறுப்பினரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். ரொட்டாலா, லுட்விஜியா, ஹைக்ரோஃபிலா போன்ற தண்டுச் செடிகளை ஒருமுறை நுனி கிள்ளினால், வெட்டிய இடத்துக்குக் கீழுள்ள கணுவிலிருந்து பெரும்பாலும் இரண்டு கிளைகள் வரும். கிள்ளிய நுனியையும் மண்ணில் ஊன்றிவிடலாம். ஆக, எட்டு வாரத்துக்கு முன் ஒருமுறையும் நான்கு வாரத்துக்கு முன் ஒருமுறையும் கிள்ளுபவரிடம் ஏல நாளன்று தமக்கும் பிறருக்கும் போதிய அளவு செடி இருக்கும். இதை ஒரு வேலையாகக் கொடுத்துவிட்டால் உறுப்பினர் அந்த இரண்டு மாதமும் ஏலத்தோடு தொடர்பிலேயே இருக்கிறார் என்பது இதில் நாங்கள் எதிர்பாராத நன்மை.

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், புசெஃபலாண்ட்ரா ஆகியவை மெதுவாக வளர்பவை. இவற்றின் கிழங்குத்தண்டைப் பிரிக்கும்போது ஒவ்வொரு துண்டிலும் மூன்று நான்கு இலைகளாவது இருக்கவேண்டும். ஒற்றை இலைத் துண்டுகளைப் பையில் போட்டு விற்பதை எங்கள் ஏலத்தில் அனுமதிப்பதில்லை. அதை வாங்கியவர் ஆறு மாதம் ஒரே இலையைப் பார்த்துக்கொண்டிருப்பார், பிறகு சங்கத்தையே மறந்துவிடுவார்.

கடையில் வாங்கி அப்படியே கொண்டுவந்து விற்பவர்களும் வருவார்கள். குறைந்தது அறுபது நாளாவது சொந்தத் தொட்டியில் வளர்ந்த செடியே ஏலத்துக்கு வரலாம் என்ற விதியை முதல் நாளே எழுதி வைத்துவிடுங்கள். பின்னால் ஒருவரைக் குறிவைத்துக் கொண்டுவந்த விதியாக அது தோன்றக்கூடாது.

சுத்தம் செய்வது

நத்தை, லெம்னா என்ற குட்டி மிதவைச் செடி, இழைப்பாசி ஆகிய மூன்றும் ஏலத்தின் வழியாகத்தான் வீடு வீடாகப் பரவுகின்றன. லெம்னா ஒரு பொட்டு அளவில் புகுந்தாலும் சில வாரங்களில் நீர்ப்பரப்பை மூடிவிடும். அதை வாங்கிச் சென்றவர் கொடுத்தவரை நெடுநாள் மறக்கமாட்டார். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் படிகாரத்தைப் பொடித்து, நான்கு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி என்ற அளவில் கரைத்து, செடிகளை இரண்டு நாள் ஊறவைத்து நன்றாக அலசினால் நத்தைகள் பெரும்பாலும் போய்விடும். முட்டைகள் சில தப்பும் என்பதால் இலையின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே பையில் போடவேண்டும். பிளீச்சில் முக்கும் வழக்கமும் இருக்கிறது, ஆனால் மாஸ் (moss) வகைச் செடிகளுக்கும், நாடாபோல் நீண்ட இலைகொண்ட வாலிஸ்னேரியாவுக்கும் அது ஆகாது. புதியவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

பையும் சீட்டும்

பை நிறையத் தண்ணீர் ஊற்றுவது பொதுவான தவறு. தண்டுச் செடிகளின் அடியில் ஈரத் தாளைச் சுற்றி, பையில் கால் பங்குக்கும் குறைவாக நீர் விட்டு, மீதியைக் காற்றால் நிரப்பிக் கட்டுவதே போதும். அனுபியாஸ் போன்றவை ஈரமான செய்தித்தாளில் சுற்றினாலே ஒரு நாள் தாங்கும். வாலிஸ்னேரியாவின் இலைகளை மடக்கி ஒடித்தால் ஒடிந்த இடத்திலிருந்து அழுகத் தொடங்கும். நீளமான பையில் சுருட்டினாற்போல் வைக்கவேண்டும். வந்து சேர்ந்த பைகளை நிழலில், தெர்மாகோல் பெட்டிகளில் வையுங்கள்.

இனி ஒட்டும் சீட்டு. ஏலம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகும் செடியோடு வீட்டுக்குப் போவது அது ஒன்றுதான், ஆகவே நான் மிக அதிகமாகக் கவலைப்படுவதும் அதைப் பற்றித்தான். பெயர் மட்டும் எழுதிய சீட்டு போதாது. வளர்த்தவர் பெயர், நீருக்குள் வளர்ந்ததா வெளியே வளர்ந்ததா, தொட்டியில் கேஸ் (செடிக்காகச் செலுத்தும் கரியமில வாயு) உண்டா, விளக்கு எவ்வளவு நேரம் எரிகிறது, அடியில் மண்ணா மணலா, எந்தத் தண்ணீர் ஆகியவற்றைத் தவறாமல் எழுதவேண்டும். சென்னையில் கடைசிக் கேள்விக்குத்தான் மதிப்பு அதிகம். மெட்ரோ தண்ணீரில் வளர்ந்ததா, போர் தண்ணீரில் வளர்ந்ததா, ஆர்.ஓ. கலந்த நீரில் வளர்ந்ததா என்று தெரிந்தால் வாங்குபவர் தம் வீட்டுக்கு ஒத்துவருமா என்று தாமே முடிவு செய்துகொள்வார். கடின நீரில் வாலிஸ்னேரியா செழித்து வளரும், ஏனென்றால் அந்த நீரிலுள்ள பைகார்பனேட்டிலிருந்தே அதனால் கரிமத்தை எடுத்துக்கொள்ள முடியும். அதே நீரில் கேரளத்து ஓடைகளைச் சேர்ந்த ரொட்டாலா மக்ராண்ட்ரா பெரும்பாலும் தேறாது. உவர்ப்பான போர் தண்ணீர் உள்ள வீட்டுக்காரர் இருநூறு ரூபாய் கொடுத்து மக்ராண்ட்ராவை எடுத்துச் செல்வதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது, சீட்டிலேயே சொல்லிவிடவேண்டும்.

பெயரிலும் கவனம் தேவை. கடைகளில் நெடுங்காலமாக ரொட்டாலா இண்டிகா என்று விற்கப்பட்டது பெரும்பாலும் ரொட்டாலா ரொட்டண்டிஃபோலியாதான். ஒரே செடியை இரண்டு பெயரில் இரண்டு முறை வாங்கியவர் ஏமாற்றப்பட்டதாகவே நினைப்பார். சந்தேகம் இருந்தால், "ரொட்டாலா, வகை உறுதியில்லை" என்று எழுதுவது நேர்மை.

கிரிப்டோகோரைன் பைகளுக்கு மட்டும் தனியாக ஒரு துண்டுச் சீட்டு அவசியம். இவற்றில் இலங்கையைச் சேர்ந்த வெண்ட்டீ வகை எங்கள் ஏலங்களில் அதிகமாக வரும். விலையும் குறைவு, வெளிச்சமும் அதிகம் கேட்காது, புதியவருக்கு ஏற்ற செடி. ஆனால் இடம் மாற்றினால் சில நாளில் இலைகள் முழுவதும் கூழாகக் கரைந்துவிடுவது உண்டு. வேர் மட்டும் உயிரோடு இருக்கும். அசைக்காமல் விட்டால் மூன்று நான்கு வாரத்தில் புதிய இலை வரும். இதை அறியாத ஒரு கல்லூரி மாணவர், தம் முதல் ஏலத்தில் எடுத்த மூன்று வெண்ட்டீக்களையும் பத்தாம் நாள் வேரோடு பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டார். தமக்குக் கைராசி இல்லை என்று சொல்லி அவர் ஒதுங்கிக்கொண்டபோது, தவறு எங்களுடையது என்பதை அவருக்குப் புரியவைக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று. அன்றிலிருந்து, "இலை கரையும், வேரைப் பிடுங்கவேண்டாம், ஒரு மாதம் பொறுங்கள்" என்ற வரியை அச்சிட்டு ஒவ்வொரு பையிலும் ஒட்டுகிறோம்.

விதிகள்

விதிகள் ஒரு பக்கத்துக்குள் அடங்கவேண்டும். எல்லாப் பைகளுக்கும் ஆரம்ப விலை இருபது ரூபாய். நூறு வரை பத்துப் பத்தாகவும், அதற்கு மேல் ஐம்பது ஐம்பதாகவும் ஏற்றலாம். விற்ற தொகையில் எழுபது பங்கு வளர்த்தவருக்கு, முப்பது பங்கு சங்கத்துக்கு. விரும்பினால் முழுவதையும் சங்கத்துக்கே விட்டுவிடலாம். முதல் சுற்றில் ஒரே வகைச் செடியில் ஒருவர் ஒரு பைக்கு மேல் எடுக்கக்கூடாது. நான்கு பேரே எல்லாவற்றையும் எடுக்கிறார்கள் என்ற மனக்குறை இந்த ஒரு விதியால் பெருமளவு தீர்ந்தது. அதற்கும் மேலாக, தொடக்கத்தில் பத்துப் பைகளை ஓராண்டுக்குள் சேர்ந்தவர்கள் மட்டும் கேட்கலாம் என்று ஒதுக்கினோம். பழைய உறுப்பினர்கள் முணுமுணுப்பார்கள் என்று பயந்தேன். அவர்களோ அந்தப் பத்துப் பைகளுக்காகத் தங்கள் நல்ல செடிகளைத் தாமே முன்வந்து கொடுத்தார்கள்.

ஏலம் என்றதும் நம் ஊரில் பலருக்கு ஏலச்சீட்டுதான் நினைவுக்கு வருகிறது. அதில் தள்ளிக் கேட்பவருக்குப் பணம் கிடைக்கும். இங்கே ஏற்றிக் கேட்பவருக்குச் செடி கிடைக்கும் என்பதைப் புதியவரிடம் சொல்லத்தான் வேண்டும். அதோடு, கேட்கத் தொடங்குமுன் தம் உச்ச விலையைத் தாளின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுமாறும் சொல்லுங்கள். வேகத்தில் கை தூக்கிவிட்டு வீட்டில் வருந்துபவர் மறுமுறை வரமாட்டார்.

ஏலம் விடும் முறை

ஒரு பைக்கு ஒரு நிமிடம் என்று வைத்தால் தொண்ணூறு பைகளுக்கு ஒன்றரை மணி நேரம். மேடை ஏலத்துக்கு அதுவே உச்சவரம்பு. கூடுதலாக வருபவற்றை ஓரத்து மேசையில் எழுத்து ஏலமாக வையுங்கள்: பைக்கு முன் ஒரு தாள், கேட்பவர் தம் எண்ணையும் விலையையும் எழுதுவார், பதினொரு மணிக்குத் தாள் மூடப்படும். கூட்டத்தில் குரல் எழுப்பத் தயங்குபவர்கள் இந்த மேசையில்தான் முதன்முதலில் பங்கெடுக்கிறார்கள். ஓராண்டு முழுவதும் தாளில் மட்டுமே கேட்டுவந்த ஒரு பெரியம்மா இன்று எங்கள் ஏலம் விடுபவர்களில் ஒருவர்.

காசிமேட்டில் விடியற்காலையில் மீன் ஏலம் கேட்டிருப்பவர்களுக்கு அந்த வேகம் தெரியும். அங்கே வாங்குபவர் மீனைக் கண்ணால் பார்த்தே தரம் சொல்லிவிடுவார். இங்கே பாதிப் பேருக்குச் செடியே புதிது. எனவே ஒவ்வொரு பையைத் தூக்கும்போதும் பத்து விநாடி விளக்கம் இருக்கவேண்டும், அதையும் வளர்த்தவர் வாயாலேயே சொல்லச் செய்வது மேல்.

"அக்கா, இதுக்கு கேஸ் வேணுமா?"

"வேணாம்பா, எங்க வீட்ல ஜன்னலோரத் தொட்டியிலேயே இவ்வளவு வளந்துச்சு."

இந்த இரண்டு வரி கூடத்தில் கேட்டால் விலை தானாக ஏறும். அக்காவுக்கும் கேட்டவருக்கும் ஓர் அறிமுகமும் ஆகிவிடும்.

ஏலம் விடுபவர்கள் இருவர் இருந்து, முப்பது பைக்கு ஒருமுறை மாறிக்கொள்ளவேண்டும். "ஒரு தரம், இரண்டு தரம்" என்ற பிறகு சற்று நிறுத்தி, பின்வரிசையை ஒருமுறை பார்த்துவிட்டே "மூன்று தரம்" என்று முடிக்கவேண்டும். குறைந்த விலை கேட்டவரைக் கிண்டல் செய்வதை, நட்பாகவே இருந்தாலும், அனுமதிக்காதீர்கள். எல்லாரும் எதிர்பார்க்கும் செடிகளைக் கடைசியில் குவித்தால் அதுவரை கூடம் தூங்கும். முதலிலேயே விட்டால் பாதியில் காலியாகும். எட்டுப் பத்துப் பைகளுக்கு ஒன்றாக இடையிடையே வையுங்கள். நடுவில் இருபது நிமிடம் சுண்டலும் மோரும் கொடுத்து இடைவேளை விடுங்கள். பைகளை மேடையிலிருந்து எடுத்தவரிடம் கொண்டு சேர்க்கும் வேலையை உறுப்பினர்களின் பிள்ளைகளிடம் கொடுங்கள்.

யாரும் கேட்காத பையை எப்படிக் கையாள்வது என்பதற்கு நான் தனி கவனம் கொடுக்கிறேன். இருபது ரூபாய்க்குக் கேட்பார் இல்லையென்றால், மேடையில் மௌனத்தை நீட்டாமல், அடுத்து வரும் பையோடு சேர்த்து ஒன்றாக விட்டுவிடுங்கள். அல்லது மாணவர் உறுப்பினர்களுக்கான இலவச மேசைக்கு, "இதை வளர்த்தவர் மாணவர்களுக்குக் கொடுக்கிறார்" என்று சொல்லி அனுப்புங்கள். இதற்கான ஒப்புதலை வளர்த்தவரிடம் காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளலாம். பிறகு தனியாக, அந்தச் செடி ஏன் போகவில்லை என்பதையும் அவரிடம் சொல்லவேண்டும்: பாசி படிந்திருந்ததா, எல்லாரிடமும் ஏற்கெனவே இருக்கும் வகையா, பை கசங்கியிருந்ததா.

கணக்கு

கணக்கு மேசையில் இருவர் இருக்கட்டும். பை எண், வளர்த்தவர், எடுத்தவர், விலை என நான்கு கட்டங்கள் போதும். ஒவ்வொரு பைக்கும் பணம் வாங்காமல், முடிவில் மொத்தமாகக் கூகுள் பேயிலோ ரொக்கமாகவோ வாங்குங்கள். வளர்த்தவர்களுக்கான பங்கை அன்றே கொடுத்துவிடவேண்டும். என் பொறுப்பில் நடந்த ஓர் ஏலத்தில் கணக்கு ஒத்துப்போகாமல் மூன்று வாரம் இழுத்துவிட்டேன். தொகை சிறிதுதான், ஆனால் நன்றாக வளர்ப்பவர்கள் இருவர் அதற்குப் பிறகு செடி கொண்டுவரவே இல்லை.

மிஞ்சியவற்றை அகற்றுவது

கழித்த இலைகளையும் மிதக்கும் செடிகளையும் சாக்கடையிலோ ஏரியிலோ கொட்டக்கூடாது. தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆகாயத்தாமரை நம் ஏரிகளையும் ஆறுகளையும் என்ன செய்திருக்கிறது என்பதை அடையாற்றுப் பாலத்திலிருந்து பார்த்தவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. சால்வினியா, கபோம்பா ஆகியவையும் அவ்வாறே பரவக்கூடியவை. எல்லாவற்றையும் மொட்டை மாடியில் விரித்து, முழுக்கக் காய்ந்த பிறகு பூந்தொட்டி மண்ணில் கலந்துவிடலாம். அதேபோல, பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்திலிருந்து பறித்தது என்று யாராவது செடி கொண்டுவந்தால் வாங்காதீர்கள். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022 முதல் உள்ள இடம் அது.

பதினைந்தாம் நாளும் அதற்குப் பிறகும்

ஏலம் முடிந்த பதினைந்தாம் நாள், கணக்குத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, முதன்முறை வந்தவர்கள் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழையுங்கள். செடி எப்படி இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். கரைகிறது என்றால் பொறுக்கச் சொல்லலாம். இறந்தே போயிருந்தால், வளர்த்தவரிடம் சொல்லி இன்னொரு தண்டு வாங்கிக் கொடுக்கலாம். அருகில் வசிக்கும் மூத்த உறுப்பினர் ஒருவரை அந்த வீட்டுக்கு அனுப்பித் தொட்டியைப் பார்க்கச் சொன்னால் இன்னும் நல்லது. எங்கள் அனுபவத்தில், விலகிப் போகவிருந்த பலரை நிறுத்தியது இந்த அழைப்புதான்.

அமெரிக்காவின் மீன்வளர்ப்புச் சங்கங்கள் பலவற்றில், ஒரு செடியைப் பெருக்கிக் காட்டுபவருக்கு அதன் கடினத்துக்கேற்பப் புள்ளிகள் கொடுத்து, ஆண்டிறுதியில் பாராட்டும் வழக்கம் இருக்கிறது. நாங்கள் அதைச் சற்று மாற்றிக்கொண்டோம். முந்தைய ஏலங்களில் எடுத்த செடியைப் பெருக்கித் திரும்பக் கொண்டுவருபவருக்குப் புள்ளி உண்டு. அவருக்கு அதை முதலில் கொடுத்தவருக்கும் பாதிப் புள்ளி உண்டு. இதனால் கொடுத்தவர், எடுத்தவரின் தொட்டியைப் பற்றித் தாமே விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்.

இதற்குச் சீட்டில் ஒரு கட்டம் கூடுதலாக வேண்டும்: இந்தச் செடி யாரிடமிருந்து, எந்த ஏலத்தில் வந்தது என்பது. வெண்ட்டீக்களைப் பிடுங்கிப் போட்ட மாணவருக்கு அன்று மாற்றாக ஒரு கிழங்கைக் கொடுத்திருந்தோம். சென்ற மார்கழியில் அவர் ஐந்து பைகளைக் கொண்டுவந்தார். அந்தக் கட்டத்தில் ஐந்திலும் கொடுத்தவரின் பெயரையும் ஏலத்தின் நாளையும் பிழையில்லாமல் எழுதியிருந்தார்.